ரெஜினா அக்காவின் பிரதி

ஜனவரி 22, திங்கள்

டயாலிசிஸ் யூனிட்டில் இன்று காலை முதல் வேலையே கெட்டுப்போனது. என் ஃபைலைத் திறந்தால் மேலே மஞ்சள் பட்டை. பாதுகாப்புக் காரணத்துக்காகச் சில பகுதிகள் தடுக்கப்பட்டுள்ளனவாம். பென் டிரைவ் செருகும் ஓட்டையில் ஸ்டிக்கர். எல்லோரும் பொதுவாக வைத்திருந்த ஃபோல்டரில் படிக்கத்தான் முடிகிறது, எழுத முடியவில்லை. வேறேதோ ஊரில் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் முழுவதையும் வைரஸ் விட்டுப் பூட்டிவிட்டார்களாம். அதனால் நம் ஆஸ்பத்திரியிலும் இனிமேல் இப்படித்தான்.

அந்த ஃபைல் நான் செய்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், நானே கற்றுக்கொண்டு. ஆஸ்பத்திரியின் பெரிய சாஃப்ட்வேரில் டயாலிசிஸுக்கென்று எதுவும் கிடையாது. என் டேட்டாபேஸில் எழுபத்திரண்டு நோயாளிகளும் இருக்கிறார்கள். யாருக்கு எந்தக் கிழமை, எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், எடை எவ்வளவு, ரத்தத்தில் வைரஸ் டெஸ்ட் எப்போது எடுத்தது, என்ன வந்தது. பாசிட்டிவ் என்று போட்டால் பெயர் சிவப்பாகிவிடும். மறுநாள் பட்டியலில் அவர் தானாகவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ள தனி அறைக்குப் போய்விடுவார். இதுவரை நான், ஸ்டாஃப் நர்ஸ் ரெஜினா அக்கா, டாக்டர் ரூம் என்று மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரே ஃபைலைத்தான் திறந்துகொண்டிருந்தோம்.

சாயங்காலம் சமையல் கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஜனவரி 23, செவ்வாய்

மதியம் சிஸ்டம் ரூமுக்குப் போனேன். ஞானசேகர் சார் தன்மையான மனிதர். ஆனால் சொல்வதையே திரும்பச் சொல்வார்.

“மேடம், அந்த மாதிரி ஃபைலைப் பொது ஃபோல்டர்ல வெச்சு நாலு பேர் எழுதறதுக்கு இனிமே அனுமதி கிடையாது. படிவம் எழுதிக் குடுங்க. கமிட்டி பார்த்துட்டு சர்வர்ல வேற மாதிரி செஞ்சு தருவோம்.”

“எவ்வளவு நாள் ஆகும் சார்?”

“ஆறு வாரம் ஆகலாம்.”

“அதுவரைக்கும் நோயாளிங்க வராம இருக்க மாட்டாங்களே.”

“அதுவரைக்கும் பேப்பர் ரிஜிஸ்டர் வெச்சுக்கங்க மேடம். அதான் நல்லது.”

பேப்பராம். எழுபத்திரண்டு பேருக்கு.

ஜனவரி 27, சனி

வழி கண்டுபிடித்துவிட்டேன்.

மூன்று பிரதி. முதன்மைப் பிரதி என்னிடம். ஒன்று ரெஜினா அக்காவின் கம்ப்யூட்டரில், ஒன்று டாக்டர் ரூமில். அக்கா வாரம் முழுக்கத் தன் பிரதியில் எழுதுவார். சனிக்கிழமை எனக்கு மெயிலில் அனுப்புவார். புதிதாக உள்ளதை நான் முதன்மைப் பிரதியில் சேர்த்து, அதையே மற்ற இரண்டு கம்ப்யூட்டரிலும் பழையதன் மேல் போட்டுவிடுவேன். ஆஸ்பத்திரி மெயில் இந்த வகை ஃபைலை விடாது. அதனால் பெயரின் கடைசி நான்கைந்து எழுத்தை மாற்றி, ‘கேன்டீன் பட்டியல்’ என்று பெயர் வைத்து அனுப்பச் சொன்னேன். போய்ச் சேர்ந்தது.

“இது தப்பில்லையாடி?” என்றார் அக்கா.

“நோயாளிக்காகத்தானேக்கா” என்றேன்.

டாக்டர் இந்துமதிக்கு ஃபைல் பழையபடி ஓடுகிறதே என்று சந்தோஷம். எப்படி ஓடுகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

மகள் யாழினி பள்ளி ஆண்டு விழாவில் ஆடுகிறாள். பாவாடை நீளம் அரை அடி அதிகம். மடித்துத் தைக்க வேண்டும்.

பிப்ரவரி 3, சனி

ரெஜினா அக்காவின் மகளுக்குத் தஞ்சாவூரில் பிரசவம். ஒரு மாதம் லீவு. பன்னிரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார். போவதற்கு முன் தன் பிரதியை அனுப்பிவிட்டு, தன் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான்தான் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் புதுப் பிரதியை யார் போடுவது?

அக்கா அனுப்பியதைத் திறந்தேன். முன்பெல்லாம் கடைசியாக மாறியது எது என்று காட்ட ஒரு பொத்தான் வைத்திருந்தேன். மஞ்சள் பட்டை வந்ததிலிருந்து அது வேலை செய்வதில்லை. ஒவ்வொரு பெயராக ஒப்பிட வேண்டும். முதல் பத்துப் பதினைந்து பேரைப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. மூன்று மணிக்கு யாழினியை மேக்கப் போட அழைத்துப் போக வேண்டும். என் பிரதியில்தான் இந்த வார எடை எல்லாம் பதிவாகியிருந்தது. அதையே இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டேன். அக்கா ஏதாவது சேர்த்திருந்தால் திங்கட்கிழமை போனில் கேட்டுக்கொள்ளலாம்.

ஆட்டம் நன்றாக இருந்தது. என் வீட்டுக்காரர் தனபால் வீடியோ எடுக்கிறேன் என்று பாதி நேரம் தரையையே எடுத்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 5, திங்கள்

அக்காவுக்குப் பேரன். வாட்ஸாப்பில் படம் வந்தது. இதயம் போட்டு அனுப்பினேன்.

பிப்ரவரி 12, திங்கள்

மூன்றாம் எண் மெஷினில் காலை ஷிஃப்ட் குழந்தைவேலு அண்ணன். ரிட்டயரான பஸ் கண்டக்டர். நான்கு மணி நேரம் படுத்திருக்கும்போது, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவெறும்பூர் வரை ஸ்டாப்பிங் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். தூக்கம் வராமலிருக்கவாம். அடுத்த ஷிஃப்ட் அதே மெஷினில் மெஹருன்னிசா. வயது இருபத்தேழு, பாலக்கரையில் டெய்லரிங் வகுப்பு எடுக்கிறவள். இருவருக்கும் திங்கள், புதன், வெள்ளி.

மெஹருக்கு இன்று முகமே வேறு மாதிரி இருந்தது. அவள் தம்பி அஸ்லம் கிட்னி கொடுக்கிறான். டெஸ்ட் எல்லாம் பொருந்திவிட்டது. ஜூனில் ஆபரேஷன்.

“சுகந்திக்கா, ஜூலைலேர்ந்து நீங்க என்னைத் தேடணும்” என்றாள்.

“தேட மாட்டேன். வராம இரு, அது போதும்” என்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

எழுத உட்கார்ந்து வெகு நேரமாயிற்று.

காலை பதினோரு மணிக்கு டாக்டர் இந்துமதி கேஸ் ஷீட்களை வைத்துக்கொண்டு மாதாந்திரப் பரிசீலனை செய்துகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். ஒரு லேப் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். குழந்தைவேலு. ஹெபடைட்டிஸ் பி, பாசிட்டிவ். தேதி பிப்ரவரி 2. ஓரத்தில் ரெஜினா அக்காவின் கையெழுத்து.

“இவர் எந்த மெஷின்ல இருக்கார்?” என்றார்.

விரலைக் காட்டினேன். மூன்று.

“எத்தனை தடவை?”

எட்டுத் தடவை. ஐந்தாம் தேதியிலிருந்து நேற்று வரை. நான்தான் எண்ணிச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் பட்டியலை அச்செடுத்து ஒட்டியதும் நான்தான். அந்த மெஷினில் அவருக்குப் பின் படுத்தவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் தடுப்பூசி முழுதும் போட்டவர்கள். மெஹருக்கு இரண்டு தவணைதான் முடிந்திருக்கிறது.

“மெஷினை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கழுவுறோமே டாக்டர்.”

“கழுவறோம். அதை வெச்சு என்னால உறுதி சொல்ல முடியாது, சுகந்தி. கை, கையுறை, பக்கத்து மேஜை, எது வழியா வேணா போகலாம். அதுக்குத்தானே தனி ரூமே வெச்சிருக்கோம்.”

ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னார். குழந்தைவேலு, கடைசி டெஸ்ட் ஆகஸ்ட், நெகட்டிவ். பச்சை.

“ரெஜினா ஏத்தலையா?” என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. “ஃபைல்ல இல்லை டாக்டர்” என்றுதான் சொல்லியிருப்பேன். அது பொய்யில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

குழந்தைவேலு அண்ணனைத் தனி அறைக்கு மாற்றினோம். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். தனக்கு எப்படி வந்தது என்றோ, இனி என்ன ஆகும் என்றோ கேட்கவில்லை. டாக்டர் போன பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“என்கிட்டேர்ந்து யாருக்காவது போயிடுச்சாம்மா?”

“இன்னும் தெரியல அண்ணே.”

“அந்தப் பொண்ணு எனக்கு அடுத்துதானே படுக்கும்.”

இன்று ஸ்டாப்பிங் பெயர் எதுவும் சொல்லவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து பேருக்கும் ரத்தம் எடுத்தோம். எல்லாம் நெகட்டிவ். ஆனால் இது இப்போதைக்குத்தான் என்றார் டாக்டர். உடம்புக்குள் போயிருந்தால் தெரிய இரண்டு மாதமாகலாம். மறுபடி மறுபடி எடுக்க வேண்டும்.

ரெஜினா அக்காவை லீவிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 24, சனி

மூன்றாம் தேதி எழுதிய பக்கத்தைத் திருப்பினேன். படித்தேன். மூடிவிட்டேன். துணி ஊறவைத்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

நிர்வாக அதிகாரியின் அறை. அவர், டாக்டர் இந்துமதி, நான். ரெஜினா அக்கா நேரே பஸ்ஸிலிருந்து வந்திருந்தார். கையில் குழந்தைக்கு வாங்கிய கொசுவலை அப்படியே இருந்தது.

“நான் ஏத்தினேன் சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட் வந்துச்சு. அவர் டயாலிசிஸ் முடிஞ்சு போயிட்டார். உடனே ஏத்தினேன். பேர் சிவப்பானதைப் பார்த்தேன்.”

“டாக்டருக்குப் போன் பண்ணீங்களா?”

“இல்ல சார். ஃபைல்ல சிவப்பாயிடுச்சுன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு…”

“ஃபைல்ல இல்லையேம்மா. உங்க கம்ப்யூட்டர்லயும் இல்ல. இவங்க கம்ப்யூட்டர்லயும் இல்ல.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாரா, சும்மா பார்த்தாரா, தெரியவில்லை. நான் மேஜையிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை முடியும் வரை சஸ்பென்ஷன். இருபத்து நான்கு வருட சர்வீஸ்.

வெளியே வந்து வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“சுகந்தி, நான் சிவப்பைப் பார்த்தேன்னு சொல்றேன். ஆனா அன்னைக்குப் பூரா பொண்ணு நினைப்பாவே இருந்தேன். ஏத்தினேனா, ஏத்தினதா நினைச்சுக்கிட்டேனான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்குடி.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதைத்தான் செய்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

பிப்ரவரி 28, புதன்

பஸ்ஸில் வரும்போதே இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். காலையில் ஷிஃப்ட் ஆரம்பிக்க வேண்டியிருந்தது, முடியவில்லை. மதியம் டாக்டர் வேறு கட்டடத்தில் இருந்தார்.

மூன்று மணிக்கு ஞானசேகர் சார் யூனிட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். “ஒரு அஞ்சு நிமிஷம் மேடம்.” ஸ்டோர் ரூமுக்குப் போனோம். கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

“மூணாம் தேதி மதியம் ரெண்டு பத்துக்கு ரெஜினா மேடம் லாகின்ல யாரோ வந்து அவங்க ஃபைல் மேல வேற ஃபைலைப் போட்டிருக்காங்க. அன்னைக்கு ரெஜினா மேடம் பன்னெண்டு அஞ்சுக்கே விரல் வெச்சுட்டு வெளிய போயிட்டாங்க.”

அவர் தாளைப் பார்த்துத் தொடர்ந்தார்.

“அதே நாள் பதினொண்ணு நாப்பதுக்கு அவங்க உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்காங்க. கேன்டீன் பட்டியல்னு பேர். இவ்ளோ பெரிய கேன்டீன் பட்டியல் எங்கயும் இருக்காதுன்னு நேத்துத் திறந்து பார்த்தேன். மெயில் எல்லாம் சர்வர்ல இருக்கும் மேடம். நீங்க அழிச்சாலும் இருக்கும்.” தாளைக் கொடுத்தார். “குழந்தைவேலு பேர் அதுல சிவப்பா இருக்கு.”

அக்கா ஏற்றியிருந்தார். அவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு தஞ்சாவூருக்கும் திருச்சிக்குமாக அலைந்துகொண்டிருந்தபோது, அது என் மெயிலில் கிடந்தது. எனக்குத் தெரியாது என்று எழுத வந்தேன். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து ஆறு நாளாகியும் அந்த மெயிலை நான் திறக்கவில்லை என்பதுதான் உண்மை. அன்றைக்குப் பதினைந்தாவது பெயரோடு நிறுத்தியதை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“என் ரிப்போர்ட்டை வெள்ளிக்கிழமை குடுக்கணும்” என்றார். “அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டா நல்லாருக்கும்.”

“நான் இன்னைக்குச் சொல்றதாத்தான் இருந்தேன் சார்.”

“சரி மேடம்” என்றார். நம்பினாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. போகும்போது, “ஆறு வாரம்னு நான் சொன்னது நிஜமாவே ஆறு வாரம்தான். அந்தப் படிவத்தை நீங்க குடுக்கவே இல்லை” என்றார்.

பிப்ரவரி 29, வியாழன்

சொல்லிவிட்டேன். நிர்வாக அதிகாரி முன்னாலும் டாக்டர் முன்னாலும். பிரதிகள், பெயர் மாற்றிய மெயில், பாஸ்வேர்டு, பதினைந்து பெயரோடு நிறுத்தியது, எல்லாம். குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் இந்துமதி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “திங்கட்கிழமை ரெஜினா இங்க உட்கார்ந்திருந்தப்ப உனக்கு இது தெரியுமா?”

“தெரியும் டாக்டர்.”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மார்ச் 4, திங்கள்

ரெஜினா அக்காவின் சஸ்பென்ஷன் ரத்து. டாக்டருக்குப் போன் செய்யாததற்கு மட்டும் மெமோ. எனக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன். என் ஃபைலை எல்லா கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். யூனிட்டில் இப்போது நீளமான ரிஜிஸ்டர். பாசிட்டிவ் ரிப்போர்ட் வந்தால் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, “அவ தூங்குறாம்மா” என்றார். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 19, செவ்வாய்

பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லை. பரண் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்தேன். யாழினி, “ஏம்மா ஆஸ்பத்திரி போகல?” என்றாள். தப்பு செய்ததால் என்றேன். “ஸாரி சொல்லிட்டியா?” என்றாள்.

ஏப்ரல் 4, வியாழன்

வேலைக்குத் திரும்பினேன். அக்கா என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசுகிறார். “ரெண்டுக்கு ஹெபாரின் போடு.” “அஞ்சுல பிரஷர் இறங்குது.” பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஏப்ரல் 17, புதன்

நான்கு பேர் நெகட்டிவ்.

மெஹருன்னிசா பாசிட்டிவ்.

லேப்பிலிருந்து மறுபடி ஒரு தடவை செய்யச் சொன்னார் டாக்டர். மறுபடியும் பாசிட்டிவ். ரிஜிஸ்டரில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. பேனா பிடித்த விரலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல்.

ஜூன் ஆபரேஷன் கிடையாது. வைரஸ் அளவு குறைந்த பிறகுதான் யோசிக்க முடியும். ஆறு மாதமா, ஒரு வருடமா, டாக்டரால் சொல்ல முடியவில்லை. டயாலிசிஸில் இருக்கிறவர்கள் உடம்பிலிருந்து இது லேசில் போகாது என்று மட்டும் சொன்னார்.

எங்களைக் கூப்பிட்டு, எங்கிருந்து வந்தது என்று நோயாளியிடம் யாரும் பேச வேண்டாம் என்றார் நிர்வாக அதிகாரி. “டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு வர்றதுதான்னு சொல்லுங்க. அதுவும் உண்மைதானே.”

உண்மைதான். நானும் ஒரு முறை அப்படி ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

மெஹர் இன்று முதல் தடவை தனி அறைக்கு வந்தாள். குழந்தைவேலு அண்ணன் பக்கத்து மெஷினில் இருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

நான் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் இடது கையை நீட்டினாள்.

“மெஹர், ஊசி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்கக்கா.”

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அண்ணனுக்கு ரிப்போர்ட் வந்தது, ரெஜினா அக்கா சரியாக ஏற்றியது, நான் அதைப் பார்க்காமல் அழித்தது, அவரையும் அவளையும் ஒரே மெஷினில் எட்டுத் தடவை படுக்கவைத்தது. யார் மேலும் பழி போடவில்லை. மஞ்சள் பட்டையைப் பற்றிப் பேசவில்லை. அந்த அண்ணனுக்கு எதுவும் தெரியாது, அவர் மேல் தப்பில்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் வரும், அழுவாள் என்று நினைத்திருந்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. சுவரில் ஆணி அடித்துவிட்டு எடுத்தால் ஒரு ஓட்டை இருக்குமே, அப்படி இருந்தது கண்.

“எந்தத் தேதி?” என்றாள்.

“பிப்ரவரி மூணு. சனிக்கிழமை.”

“என்ன அவசரம் அன்னைக்கு?”

“என் பொண்ணுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா.”

அவள் தலையை ஆட்டினாள். நீட்டியிருந்த கையை மெல்ல மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அஸ்லம் வெளிய நிக்கிறான். அவன்கிட்ட நீங்க சொல்லாதீங்க, நான் சொல்லிக்கறேன். ஊசியை வேற யாராவது வந்து போடட்டும்.”

வெளியே போய் ரெஜினா அக்காவிடம் சொன்னேன். அவர் எதுவும் கேட்காமல் உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மெஹர் கையை நீட்டினாள். அக்கா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அப்போதுதான் மெஹர் அழுதாள்.

இருபது நிமிடம் கழித்து வந்து கை கழுவிக்கொண்டே கேட்டார். இரண்டு மாதத்தில் வேலை விஷயம் அல்லாத முதல் பேச்சு.

“அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லச் சொல்லி யார் சொன்னா?”

“யாரும் சொல்லலக்கா. சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க.”

“வேலை போகும்.”

“போகலாம்.”

குழாயை மூடினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“ஒண்ணு கேட்கறேன். பொய் சொல்லாம சொல்லு. அந்த சிஸ்டம் ரூம் சார் வந்து பேசலைன்னா, எனக்காகப் போய்ச் சொல்லியிருப்பியா?”

பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன் என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். வாய் வரை அதுதான் வந்தது.

“மாட்டேன்க்கா” என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்கவில்லை.

“மத்த நாலு பேருக்கும் ஆகஸ்ட் வரைக்கும் டெஸ்ட் இருக்கு” என்றார். “ஏன் எடுக்கறோம்னு அவங்க யாருக்கும் இன்னும் தெரியாது. அதுல ஒருத்தர் இப்ப ரெண்டாவது பெட்ல இருக்கார்.”

“சரிக்கா.”

“நானும் கூட நிக்கறேன். பேசுறது நீ.”

இரண்டாவது பெட்டில் ஆறுமுகம்பிள்ளை சார் செய்தித்தாளை மடித்து மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். நான் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.